வானிலைக்கு வரும் கூட்டம்

ஏழு மணிச் செய்தியைப் பதினெட்டு வருடமாக வாசிப்பவர் அவர். தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்குச் 'சிங்கம்' என்று பெயர். முகத்துக்கு நேராக மரியாதையோடு, முதுகுக்குப் பின்னால் சிரிப்போடு. அதே செய்தியின் வாலில் நான்கு நிமிடம் வானிலை சொல்பவள் அவருடைய மனைவி. மூன்று வருடத்துக்கு முன் அவளை அங்கே கூட்டிவந்ததே அவர்தான். இப்போது அதை நினைத்தால் வயிறு பற்றி எரிகிறது.

எல்லாம் ஒரு தாளால் வந்த வினை. மீட்டர் பொருத்திய வீடுகளில் எந்த நிமிடம் எத்தனை பேர் எந்தச் சேனலுக்குத் தாவினார்கள் என்ற நிமிடக் கணக்கு அது. அவர் கைக்கு வருவது எப்போதும் அரை மணிக்கான மொத்த எண் மட்டுமே. யாரோ பிரிண்டரில் மறந்துபோன தாள் அன்றைக்குக் கண்ணில் பட்டுத் தொலைத்தது. ஏழு மணிக்குப் பார்வையாளர் எண்ணிக்கைக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஏழு இருபத்தாறுக்கு, அவள் வரும் நிமிடத்தில், கிடுகிடுவென்று ஏறியது. தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவது இவர், கூட்டம் வருவது அவளுக்கா?

அந்தத் தாளோடு நேராக மேலாளரிடம் போனார்.

"அது எதிர்ச் சேனல்ல சீரியல் முடியற நேரம் சார். விளம்பரம் போடறான், ஜனம் இங்க தாவுது. இவளுக்காக ஒண்ணும் வரல. வானிலையை ஏழு மணிக்கே போட்டுப் பாருங்க, சாயம் வெளுத்துடும்."

மேலாளர் போட்டுப் பார்த்தார். "ஏங்க திடீர்னு மாத்திட்டாங்க?" என்று மனைவி கேட்டபோது, "எனக்கென்ன தெரியும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துப் பார்வையாளர் கணக்குப் பிரிவுக்குப் போய் நின்றார். அங்கிருந்த பெண் திரையைக் காட்டவே தயங்கினாள்.

"காட்டும்மா. கடிச்சா தின்னுடுவேன்?"

ஏழு மணிக்கே கோடு உச்சியில் இருந்தது. ஏழு நாலுக்கு, அவர் வணக்கம் சொன்ன நிமிடத்தில், மளமளவென்று சரிந்தது.

"சீரியலுக்குப் போயிட்டாங்களா?"

"பாதிப் பேர் சார். மீதிப் பேர் டிவியையே அணைச்சுடறாங்க."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் மனுஷர்.

"இதை ஏன் எனக்கு இத்தனை நாள் காட்டல?"

"உங்க வீட்டு அக்காதான் சார் வேண்டாம்னாங்க. மேலாளருக்கும் மொத்த எண் போதும், நிமிடக் கணக்கு போனா உங்க நாற்காலிக்கே ஆபத்துன்னு."

படியிறங்கும்போது மனைவி எதிரே வந்தாள்.

"வானிலையை மாத்தச் சொன்னது நீங்கதானாமே? மேலாளர் சொன்னார்."

அவர் அவளைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கப் பார்த்தார்.

"மூணு வருஷம் மறைச்சு வச்சேன். நீங்களே கொண்டுபோய்க் காட்டிட்டீங்க, இனிமே மறைக்க என்ன இருக்கு? செய்தியையும் என்னையே வாசிக்கச் சொல்றார்."

"வாசிச்சுக்கோ, எனக்கென்ன," என்றார், அவள் மாட்டேன் என்பாள் என்ற நம்பிக்கையில்.

"சரின்னு சொல்லிட்டேன்," என்று மேலே ஏறிப் போனாள். ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு அவர் வீட்டில் தனியாக ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஒரு இடத்தில் திக்கினாலும் போதும், சீரியலுக்குத் தாவிவிடலாம் என்று காத்திருந்தார். ஏழு நாலு ஆனது, ஏழு பத்து ஆனது. கட்டைவிரல் அசையவே இல்லை. பாழாய்ப்போனவள், நன்றாகத்தான் வாசித்தாள்.