கிறிஸ்மஸ் சரிகையில ஒரு மாலை

மாலை அந்தாளின்ர கழுத்தில விழுந்திட்டுது அக்கா. நான் சித்தப்பாவின்ர கோட்டைப் பிடிச்சு இழுத்தனான், கைநழுவிப் போட்டுது. அதுக்குள்ள அவர் மேடையில. சனம் முழுக்க எங்களைத்தான் பாக்குது.

பொறுங்கோ, முதல்ல இருந்து சொல்லுறன். எல்லாரும் படுத்திட்டினம், மெல்லமாத்தான் கதைக்கலாம். நான் பேசிப் பதிஞ்சு அனுப்புற இந்தக் கசெட்டில சத்தம் காணாட்டி கூட்டி வைச்சுக் கேளுங்கோ. அங்க உங்கட இஷொயில ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ, தேவமலர் அக்கா.

இங்க எங்கட ஹேர்னிங் நகரத்தில வாற செவ்வாய்க்கிழமை நகரசபைத் தேர்தல். ரெண்டு கிழமையாக் கடைத்தெருவில ஆளுக்கொரு பெட்டியில ஏறி நிண்டு கத்துறாங்கள். பலூன் குடுக்கிறாங்கள், கோப்பி குடுக்கிறாங்கள், சின்னப் பிள்ளையளின்ர தலையைத் தடவுறாங்கள். ஒருத்தன் என்ர தலையையும் தடவிப்போட்டுக் கையைக் காற்சட்டையில துடைச்சவன். ஊரில நடந்த அதே கூத்துத்தான், இங்க குளிருக்குள்ள நடக்குது.

இதைக் கண்டோன்ன சித்தப்பாவுக்குப் பழைய விசர் திரும்பிட்டுது. ஊரில எந்தக் கூட்டமெண்டாலும் முதல் மாலை எங்கட செல்வரட்ணம் சித்தப்பாவின்ர மாலைதான். எம்.பி. ஒரு கடிதம் தந்தா எந்த அரசாங்கக் கந்தோர்க் கதவும் திறக்கும் எண்டு நம்புற ஆள். திங்கக்கிழமை அவருக்குப் பொலிஸில அகதி விசாரணை. அது சரிவந்தாத்தான் சித்தியையும் பிள்ளையளையும் கூப்பிடலாம். அதுக்கும் ஒரு பெரிய மனுசனைப் பிடிக்க வேணுமாம். பூமாலைக்கு எங்க போறது? கிறிஸ்மஸ் மரத்துக்குச் சுத்திற சிவப்புச் சரிகையை வாங்கி, ரெண்டு நுனியையும் தைச்சு, கோட்டுக்குள்ள ஒளிச்சுக் கொண்டு வந்தவர்.

இண்டைக்குப் பேசினவன் ஒரு தடியன். மைக்கெல்லாம் எச்சில். இடையில "தமிழர்" எண்ட சொல் வந்தது. சித்தப்பா என்னை இடிச்சார்.

"எங்களைப் பற்றி என்னவாம் பிள்ளை?"

எனக்கு விளங்கினது அக்கா. ஒரு வருசமா இங்க பள்ளிக்கூடம் போறன், இது விளங்காதோ? எங்களை வந்த பிளேனிலயே திருப்பி ஏத்த வேணுமாம். சனம் கைதட்டுது. எங்கட பக்கத்து வீட்டு மனிசியும் நிண்டு தட்டுறா, தினம் எனக்குச் சிரிச்சுக்கொண்டு காலை வணக்கம் சொல்லுறவ. உண்மையைச் சொன்னா சித்தப்பா அங்கயே சண்டைக்குப் போவார், சனம் எங்களைச் சுத்திடும் எண்டு பயந்திட்டன்.

"நல்லாத்தான் சொல்லுறார் சித்தப்பா," எண்டன்.

அவ்வளவுதான், மனுசன் மாலையோட மேடையில ஏறிட்டார்.

மாலை விழ, அந்தத் தடியன்ர முகம் சாணியில மிதிச்ச மாதிரிப் போச்சு. பிறகு பேப்பர்க்காரன் கமெராவைத் தூக்கினதைக் கண்டிட்டான். உடன பல்லெல்லாம் வெளியில. சித்தப்பாவைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு ஒலிபெருக்கியில சொன்னான், "பாத்தீங்களோ, அவையளுக்கே தங்கட ஊருக்குத் திரும்பிப் போகத்தான் விருப்பம்."

சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. சித்தப்பாவும் சேர்ந்து சிரிச்சார் அக்கா. கும்பிட்டுக் கும்பிட்டுச் சிரிச்சார். நாங்கள் திரும்பி நடக்க, அவன் மாலையைக் கழட்டிக் கோப்பிக் கோப்பையள் கிடந்த குப்பை வாளிக்குள்ள எறிஞ்சான். நான் மட்டும்தான் கண்டனான்.

வீட்டை வந்து அம்மாவுக்கு மூண்டு தரம் சொல்லிட்டார், பெரிய மனுசன் தன்னைக் கட்டிப் பிடிச்சவர் எண்டு. சித்திக்கும் கடிதம் எழுதி ஒட்டியாச்சு, இனிப் பயமில்லையாம். திங்கக்கிழமை காலமை பேப்பரில படம் வரும், அதை வெட்டிக்கொண்டு போய்ப் பொலிஸுக்குக் காட்டப் போறாராம்.

படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும். பொலிஸில மொழிபெயர்க்கிறவர் அதை அவருக்கு வாசிச்சுக் காட்டுவார். கொண்டு போக வேண்டாம் எண்டு நான் சொன்னா, ஏன் எண்டு கேப்பார்.

"நீதானே பிள்ளை நல்லாத்தான் சொல்லுறார் எண்டனி?" எண்டு கேட்டா, நான் என்னத்தைச் சொல்லுறது அக்கா?