மணிமொழி மாதிரி

மணிமொழியைக் கண்டாலே இலக்கியாவுக்கு வயிறு எரியும். பெரம்பலூர் விளையாட்டு விடுதியில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே ஆயிரத்தைந்நூறு மீட்டர். ஆனால் எந்த ஓட்டத்திலும் இலக்கியாவுக்குத் தெரிவது மணிமொழியின் முதுகுதான். சே, என்ன பிழைப்பு இது!

காலையில் எடை பார்க்கும்போது பயிற்சியாளர் பிரசாத் சார் வேறு எண்ணெய் ஊற்றுவார். "மணிமொழியப் பாரு, நாப்பதே கிலோ. நீயும் இருக்கியே!"

அதைவிடப் பெரிய கொடுப்பினை, மணிமொழிக்கு ஒரு வருடமாக மாதவிலக்கே இல்லை. "தொல்லை விட்டுச்சுடி," என்று சிரிப்பாள். இலக்கியாவுக்கோ போட்டி என்றால் நாள் பார்த்து வந்து நிற்கும்.

பொருமிப் பொருமி ஒரு யோசனை பிடித்தாள். எலும்புக்குப் பலம் என்று குரும்பலூரிலிருந்து அம்மா வாராவாரம் நல்லெண்ணெய் விட்டுப் பிடித்தனுப்பும் உளுந்து உருண்டையை மணிமொழியிடம் டப்பாவோடு நீட்டினாள். தின்று கொழுக்கட்டும்!

மணிமொழியா சிக்குவாள்? "நீயே தின்னுடி," என்று தள்ளிவிட்டாள்.

வந்ததே ஆத்திரம்! அன்றிலிருந்து இலக்கியாவும் உருண்டையைத் தொடவில்லை. இரவுச் சாப்பாட்டையும் பாதியாக்கினாள். மூன்று மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது, மாதவிலக்கும் நின்றது. நாமும் அவள் மாதிரி ஆகிவிட்டோம் என்று பூரித்துப்போனாள்.

அரியலூரில் மண்டலப் போட்டி. முதலில் வருபவளுக்குத்தான் மாநிலப் போட்டி. மூன்றாவது சுற்றில், முன்னால் போன மணிமொழி யாரும் இடிக்காமல் தானாக மடிந்து விழுந்தாள். இலக்கியா தாண்டி ஓடி ஜெயித்தாள். நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்!

ஆஸ்பத்திரிக்கு அவளும் கூடப் போனாள். மணிமொழிக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தையும் மணிமொழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கடைசியா எப்பம்மா பீரியட்ஸ் வந்துச்சு?"

"ஒரு வருசமாச்சுங்க."

"அடிப்பாவி, யார்கிட்டயும் சொல்லலையா? சரியா சாப்பிடாம இப்படி ஓடுனா மொதல்ல அது நிக்கும், அப்பறம் எலும்பு தேயும். பதினேழு வயசுல கெழவி எலும்பும்மா ஒனக்கு. ஓட்டத்தையெல்லாம் இப்ப நெனைக்காத."

மணிமொழி சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். வாசலில் பிரசாத் சார் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "மாநிலத்துக்கு இலக்கியாதாங்க. அவளும் இப்ப நல்லா எளைச்சுட்டா."

எத்தனை நாள் ஏங்கிய பேச்சு! ஆனால் இலக்கியாவின் கை தன் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஒரு வாரமாக அங்கே வலி. வாயைத் திறந்தால் மாநிலப் போட்டி போய்விடும்.

"டாக்டர்," என்றாள். "நானும் இவ மாதிரிதாங்க. ரெண்டு மாசமா வரலை."