தொய்ந்த தந்தி

கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் ராயபுரத்துத் தெருக்களைச் சுற்றும்போது பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமப்பது இன்னாசியின் வேலை. துறைமுகத்தில் பெட்டிகளைக் கயிறு போட்டு இறுக்குகிறவன், கழுத்து ஆடாது. விளக்கின் அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியின் நிழல் சுமக்கிறவன் முகத்தில் விழும். பாட்டு வரும்போது அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

"பண்டிகைக்குக்கூட உனுக்கு சொமதானா?" என்றாள் மனைவி வியாகுலம்மாள்.

அது உள்ளே போய்க் குத்திற்று. இந்த வருஷம் கிதார் வாசிக்கிற ஜார்ஜுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ராத்திரி வேலை விழுந்தது. "நான் வாசிக்கிறேன், கத்துக் குடு" என்று இன்னாசி போய் நின்றான். ஜார்ஜ் வயதில் சின்னவன். சிரிக்கவில்லை.

"மூணு கார்டு, வெரல் வெக்கிற மூணு புடி, போதும், அண்ணாத்தே. சி, எஃப், ஜி. நம்ம பாட்டெல்லாம் அதுலயே ஓடிடும்."

கிதார், சீமைக்குக் கப்பலேறிய சட்டைக்கார, ஆங்கிலோ-இந்திய ரயில் டிரைவர் ஒருவர் ஜார்ஜுக்கு விட்டுப் போனது. அதை இவனிடம் கொடுத்தனுப்பினான்.

சி-க்கு ஒரு தந்தியை அழுத்தப்போனால் இன்னாசியின் விரல் பக்கத்துத் தந்தியையும் சேர்த்து அமுக்கியது. எஃப்-புக்கு ஒரே விரலால் இரண்டை அழுத்தச் சொன்னால் இரண்டும் விர்ரென்று செத்தன. இதற்குள் வியாகுலம்மாள் குழாயடியில் சொல்லிவிட்டாள்: "எங்கூட்டுக்காரு இந்த வாட்டி கிதாரு."

பாட்டுக்குப் போகவேண்டிய சாயங்காலம் எஃப் இன்னும் வரவில்லை. தந்தியை விரலால் நெம்பிப் பார்த்தான். தொய்வாகப் பட்டது. துறைமுகத்தில் தொய்ந்த கயிறு ஆளைக் கொல்லும். 'தப்பு என் விரல்ல இல்ல' என்று நினைத்ததும் மனசு லேசாயிற்று. தலைப்பக்கத்துச் சாவிகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். தந்தி கத்தியது. இன்னொரு சுற்று, சரக்குக்குப் போடுகிற மாதிரி.

தந்திகளைப் பிடித்திருந்த, பசையால் ஒட்டிய மரக்கட்டை பலகையிலிருந்து பிய்த்துக்கொண்டு எழுந்தது.

சணலை எடுத்து, கட்டையை உடம்போடு சேர்த்துக் கட்டினான். கை தானாக வேலை செய்தது. நல்ல கட்டு. கிதார்தான் வாயைத் திறக்கவில்லை.

கோயில் வாசலில் பாட்டுக்காரர்கள் கூடியிருந்தார்கள். வேலைக்குப் போகிற வழியில் ஜார்ஜும் நின்றான். ஒருத்தன் சணலைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமு, கிதாருக்கு எலும்பு முறிஞ்சிபோச்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"வெயில்ல பச வுட்டுட்ச்சி போல," என்றான் இன்னாசி. "தானா வந்துட்ச்சி."

ஜார்ஜ் கிதாரை வாங்கினான். கட்டையைப் பார்க்கவில்லை. சாவிகளைத் தொட்டான். ஒவ்வொன்றிலும் தந்தி அளவுக்கு மீறிச் சுற்றிக் கிடந்தது. நிமிர்ந்து இன்னாசியின் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான்.

"ஆமா, அண்ணாத்தே. பழைய பச."

திட்டியிருந்தால் தேவலை. இன்னாசிக்குக் காது எரிந்தது. நான்தான் முறுக்கினேன் என்று சொல்ல வாயெடுத்தான். ஜார்ஜ் கிதாரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டான்.

விளக்கு தரையில் இரைந்துகொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே இன்னாசி சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து அதைத் தூக்கினான்.

அவன் தெருவுக்குள் பாட்டு நுழைந்தபோது வியாகுலம்மாள் குழாயடிப் பெண்களோடு வாசலில் நின்றாள். கூட்டத்தில் கிதாரைத் தேடினாள். தொட்டி நிழல் முகத்தில் விழுந்திருந்ததற்கு இன்னாசி முதல் தடவையாக ஆண்டவருக்கு நன்றி சொன்னான்.

அவள் பார்வை விளக்குக்குக் கீழே, ஆடாத அந்தக் கழுத்தில் வந்து நின்றது. மற்றப் பெண்களும் அங்கே பார்ப்பதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.