இருபத்திரண்டு ஓகே

எழிலரசியோட காது சும்மா காது கிடையாது, சம்பளம் வாங்குற காது. ஒரகடத்துல கார் வைப்பருக்கு மோட்டார் செய்யுற கம்பெனி ஒண்ணுல, கண்ணாடி போட்ட சின்ன ரூமுக்குள்ள அவள உக்கார வெச்சிருக்காங்க. லைன்ல வர்ற மோட்டார் ஒவ்வொண்ணும் அவ முன்னாடி வந்து ஒரு சுத்து சுத்திக் காட்டணும். சத்தமில்லாம சுத்துனா ஓகே. 'கிர்'ருனு ஒரு முனகல் வந்தாலும் என்ஜி, அதாவது நாட் குட், சிவப்பு ஸ்டிக்கர், ஓரமாப் போய் நில்லு. அஞ்சு வருஷத்துல அவ ஓகே போட்ட மோட்டார் ஒண்ணுகூட புகாரோட திரும்பி வந்தது இல்ல. அந்தத் திமிரு அவ நடந்து வர்றதுலயே தெரியும்.

நாளெல்லாம் சத்தத்த வெரட்டுறவ, வீட்டுக்கு வந்தா சத்தத்த சேத்துக்கிட்டு இருப்பா. பழைய பாட்டுலேர்ந்து ஒரு துண்டு, மீன்காரர் கூவுறதுல ஒரு துண்டு, ஷேர் ஆட்டோ ஹாரன்ல ஒரு துண்டுன்னு செல்லுல புடிச்சு, நறுக்கி, மாத்தி அடுக்கி, மேல டிரம்ஸ் போட்டு ஹிப் ஹாப் பீட் ஆக்குவா. அதுக்கு மேல ராப் பாடுறது செந்தமிழன். குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவன். வாயும் அதே மாதிரிதான், எவ்ளோ பெரிய பீத்தலையும் அசால்ட்டா தூக்கிடும்.

வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு படப்பையில ஒரு ரெக்கார்டிங் ரூம் புக் ஆகியிருந்துச்சு. அதுல தான் வினை.

"செல்போன் பீட்டு சொத்தையா கீது எழிலு," ன்னான் செந்தமிழன். "ஒழுங்கா ஒரு மிசின் வாங்கினு ஞாயித்துக்கெழம நல்ல பீட்டா எட்த்துனு வா. இல்லாங்காட்டி மோகன் கைல வாங்கிக்கிறேன்."

மோகன்! எவனோ செஞ்ச பீட்ட நெட்லேர்ந்து இறக்கி, பேர மட்டும் மாத்தி வெக்கிற மோகன்! மூணு வருஷமா ரெண்டு பேரா சேந்து ஓட்டுன வண்டி இது. ஞாயித்துக்கிழமை அவ பீட் இல்லாம அந்தப் பாட்டு பதிவாச்சுன்னா, அதுக்கப்புறம் அவ வெறும் பாட்டு கேக்குற கூட்டத்துல ஒருத்திதான்.

புதன்கிழமை ஷிப்ட் முடிஞ்சதும் நேரா படப்பைக்குப் போனா. அங்க பாண்டுரங்கன்னு ஒருத்தர். கல்யாணக் கச்சேரில கீபோர்டு வாசிச்சவரு, இப்ப சவுண்ட் சர்வீஸ் நடத்துறாரு. அவர்கிட்ட விக்கிறதுக்கு ரெண்டு பெட்டி இருந்துச்சு, ரெண்டும் ஒரே விலை. ஒண்ணு சவுண்ட் மாட்யூல். உள்ள ஆயிரத்துச் சொச்சம் சத்தம் வெச்சு அனுப்பியிருக்காங்க, வீணைலேர்ந்து ஹெலிகாப்டர் வரைக்கும். இன்னொண்ணு சாம்ப்ளர். உள்ள ஒண்ணும் கிடையாது, வெளிய நடக்குற சத்தத்த அதுதான் புடிச்சு வெச்சுக்கும். மேல பதினாறு ரப்பர் பட்டன், புடிச்ச சத்தத்த துண்டு துண்டா அதுல போட்டு விரலால தட்டலாம்.

வேற யாரா இருந்தாலும் 'எனக்கு எது உபயோகம்'னு ஒரு வார்த்த கேட்டிருப்பாங்க. இவ பைக்குள்ளேர்ந்து ஒரு அட்டைய எடுத்தா, பேப்பர மாட்டுனா, ரூல் போட்டு இருபத்திரண்டு வரி எழுதுனா. பட்டன், குமிழ், வயர் சொருகுற ஓட்டை, கீறல், திரை, இரைச்சல். கம்பெனில பார்ட்ட சோதிக்கிற அதே முறை.

"யம்மா," ன்னு பாண்டுரங்கன் மெதுவா ஆரம்பிச்சாரு, "அந்த மாட்யூல் தனக்குள்ள கீறத மட்டும்தான் பாடும். நீ எதுக்கு..."

"அண்ணா, செக்கிங்ல கீறேன். பேச்சு குடுக்காதீங்க."

சாம்ப்ளர் பாவம், ஆறு இடத்துல மாட்டிக்கிச்சு. ஒரு பட்டன் தட்டுனா ரெண்டு வாட்டி அடிக்குது. திரை ஓரத்துல மங்கல். எல்லாத்துக்கும் மேல, சும்மா இருக்கும்போதே 'உஸ்ஸ்'ஸுன்னு ஒரு கரகரப்பு. அவ காதுக்கு அது மகா பாவம். மாட்யூல் இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு ஓகே. கீழ கையெழுத்து, தேதி எல்லாம் போட்டு பேப்பர பாண்டுரங்கன் கைல குடுத்துட்டு, மாட்யூல மடியில வெச்சுக்கிட்டு ஷேர் ஆட்டோல மகாராணி கணக்கா வீடு வந்து சேந்தா.

வந்து, வயர் போட்டு, மீன்காரர் குரல உள்ள அனுப்பப் பாக்குறா, போனா தானே! பின்னாடி பக்கம் 'இன்'னு போட்டிருந்த ஓட்டை கீபோர்டு மாட்டுறதுக்காம், சத்தம் உள்ள போறதுக்கு இல்லியாம். அரை மணி நேரம் உக்காந்து அதையே மொறச்சுப் பாத்தா. கம்பெனில பார்ட் நல்லதா கெட்டதான்னு பாக்குறது இவ வேலை, சரியான பார்ட்டான்னு பாக்குறது ஸ்டோர்காரன் வேலை. இங்க ஸ்டோர்காரன் எங்கேர்ந்து வருவான்? ஒரு குறையும் இல்லாத தப்பான பெட்டிய வாங்கி வந்து நிக்கிறா மகராசி.

வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் ஓவர்டைம். சனிக்கிழமை மத்தியானம்தான் மறுபடி போக முடிஞ்சது.

"ரிட்டர்னா? பழுது இருந்தா எட்த்துக்கறேன்," ன்னாரு பாண்டுரங்கன். "இன்னா பழுது?" ன்னு கேட்டுட்டு செவத்தக் காட்டுனாரு. அவ போட்ட பேப்பர் ஆணில தொங்குது. "இந்த மாதிரி ஒரு சர்ட்டிபிகேட் என் சர்வீஸ்ல எவனும் குட்த்தது இல்ல. அதான் மாட்டிக்கினேன்."

எழிலரசிக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. ஓகே போட்டத அவ இதுவரைக்கும் மாத்துனதே கிடையாது. கம்பெனில அப்படி மாத்துனா லைன் நிக்கும், சூப்பர்வைசர் ஓடி வருவாரு, அஞ்சு வருஷ கெத்து அஞ்சு நிமிஷத்துல காலி. பேனாவ எடுத்தா. கை வரல. கடிகாரத்தப் பாத்தா. மோகனோட இளிச்ச மூஞ்சி ஞாபகத்துக்கு வந்துச்சு. பேப்பர எறக்கி, ரிமார்க்ஸ்னு இருந்த இடத்துல எழுதுனா: 'பார்ட் ஓகே. செலக்ட் பண்ண ஆள் என்ஜி.'

பாண்டுரங்கன் படிச்சுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. மாட்யூல வாங்கி வெச்சுக்கிட்டு, சாம்ப்ளர ஒரு துணிப்பையில போட்டுக் குடுத்தாரு.

வீட்டுல மைக்க சொருகி, ரெக்கார்டு பட்டன அமுக்கி, 'ஒன், டூ'ன்னு ஆரம்பிக்கிறா, அம்மா லூர்தம்மாள் உள்ள வந்தாங்க. கம்பெனி கேன்டீன்ல ஆயிரம் பேருக்கு சோறு போட்டுட்டு வர்றவங்க, அவங்க குரலுக்கு மைக்கே தேவையில்ல.

"ஒரு பொட்டிய குட்த்துட்டு இன்னொரு பொட்டியா? வெக்கமா கீதாடி? காலைல சொன்னேனே, அரிசி வாங்கியாந்தியா? பெரிய இவ மாதிரி உக்காந்துகினு!"

ரெக்கார்டு ஓடுற சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

பின்னாடி ஃபேன் சத்தம், குக்கர் விசில், அதுக்கு மேல பெட்டியோட கரகரப்பு. இவ காது கம்முனு இருக்குமா? குமிழத் திருகித் திருகி இரைச்சல எடுத்துப் பாத்தா. இரைச்சல் போச்சு, அதோட அம்மாவோட கோவமும் போச்சு. ஏதோ பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்ற அம்மா மாதிரி ஆயிட்டாங்க. இது யாருக்கு வேணும்? திரும்பவும் கரகரப்ப உள்ள விட்டா. அம்மா வந்தாங்க. அந்தத் திட்ட அஞ்சு துண்டா நறுக்கி அஞ்சு பட்டன்ல போட்டு, கீழ செல்லுல இருந்த டிரம்ஸ ஏத்தி வெச்சு, சாப்புடக் கூப்புடுறதுக்குள்ள பீட் முடிஞ்சு போச்சு.

ஞாயித்துக்கிழமை ஒம்போது மணிக்கு செந்தமிழன் வந்தான். உக்காரக்கூட இல்ல.

"தப்பா நெனச்சுக்காத எழிலு. மோகன் பீட்டு அனுப்சிட்டான். ரெக்கார்டிங்காரர் கைலயும் சொல்லிட்டேன்."

ஒரு வார்த்த கேக்காம முடிச்சுட்டானே படுபாவி! "சரி போ," ன்னு சொல்ல அவளுக்கு வாய் வந்துச்சு. ஆனா விரல் பட்டனுக்குப் போயிடுச்சு. பீட் ஓட ஆரம்பிச்சது.

அவன் தலை தன்னால ஆடுச்சு. ராப்காரன் வாய் சும்மா இருக்குமா, அவுத்து விட்டான்.

"ஒரகடம் ரோட்டுக்கு நான்தான்டா ராஜா..."

அவ தட்டுனா. *அரிசி வாங்கியாந்தியா?*

திகைச்சுப் போனான். ஆனாலும் விடல. "எம் பேரு சொன்னா ஊரே நடுங்கும்..."

*வெக்கமா கீதா?*

"சிங்கம்டா நானு, சிக்குனா..."

*பெரிய இவ மாதிரி!*

செந்தமிழன் நிறுத்திட்டான். நாலு நோட்டு நெறய வெச்சிருந்த பீத்தல்ல ஒரு வரிகூட அந்த அம்மா முன்னாடி நிக்கல. அடுப்பங்கரையிலேர்ந்து லூர்தம்மாள் எட்டிப் பாத்து, "இன்னாடி, நான் கம்முனு கீறேன், என் கொரலு கத்திகினு கீது?" ன்னாங்க.

"மோகன் பீட்டு நான் இன்னா சொன்னாலும் தலையாட்டும்," ன்னான் அவன் கடைசில. "இது திருப்பிக் கேக்குது. இதுக்கு எங்கைல லைனே இல்லியே எழிலு."

"பொய்ய வுட்டுட்டுப் பாட்றா. மொதல்லேர்ந்து போட்றேன்."

டிரம்ஸ் வந்துச்சு. கரகரப்பு வந்துச்சு. பின்னாடியே அம்மா குரல் வந்துச்சு. *அரிசி வாங்கியாந்தியா?*

செந்தமிழன் தலையக் குனிஞ்சு, சின்னப் பையன் கணக்கா, சரியா தாளத்து மேல சொன்னான்:

"இல்லம்மா."