ஆயிரத்து நூறு மீட்டர்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான், குளித்தான், முந்தின நாள் சட்டையையே மாட்டினான். ஏழு மணிக்கு, தான் கணக்கு எழுதும் பூப்பண்ணை அலுவலகத்தின் வடக்குச் சுவரில், மரநிழலில் தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் பதினெட்டு டிகிரி என்று எழுதினான். பண்ணைக்கு அன்றைய வெப்பம் அவ்வளவுதான். அதற்குமேல் ஏற வெயிலுக்கு அனுமதி இல்லை.

கீழ்ப்பண்ணை தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கே கோடையில் பன்னிரண்டு முதல் மூன்று வரை வேலை கிடையாது. அலுவலகம் இருந்த மேல்பண்ணை ஆயிரத்து நூறு. ஆயிரத்தைத் தாண்டினால் குளிர்பிரதேசம் என்று தலைமை அலுவலகம் கோடு கிழித்திருந்தது. ஆகவே நாற்பது பெண்கள் உச்சிவெயிலில், காற்று புகாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள், குளிர்பிரதேசத்தில் பூ வெட்டினார்கள். பன்னிரண்டு நாளுக்கு முன் அவன் மனைவி அங்கேதான் சுருண்டு விழுந்து செத்தாள்.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். அவர் தலைக்கு மேலே ஒரு மின்விசிறி, மேஜைமேல் ஒன்று. விசாரணைப் படிவம் தயாராக இருந்தது: மாரடைப்பு. அவன் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. வெயில் என்று பதிவானால் மேல்பண்ணைக்கும் நடுப்பகல் ஓய்வு கொடுத்தாக வேண்டும்.

“இது மலை, தம்பி. இங்க வெயிலடிச்சு யாரும் சாக முடியாது.”

“முடியாதுன்னு அவகிட்ட யாரும் சொல்லலை சார்.”

கூட வந்திருந்த அவள் அண்ணன் கனைத்தான். “வெயிலு மலையேறும்போது மூச்சு வாங்கி நின்னுடுமா சார்? மாப்ளே, நீங்க படிச்சவரு, கேட்டுச் சொல்லுங்க.”

மேனேஜர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “அன்னைக்குப் பதினெட்டு. இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

மச்சான் பதிவேட்டை எட்டிப் பார்த்தான்.

‘இறந்தவர் கடைசியாகச் சொன்னது’ என்ற இடத்தில் ‘நெஞ்சு வலிக்கிறது’ என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.

“இதை யார்கிட்ட சொன்னா?”

“பொதுவா எல்லாரும் சொல்றதுதானே, தம்பி.”

விழுந்த அன்று பன்னிரண்டரைக்கு அவள் அலுவலகத்தில் அவனுடைய ஜன்னலுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். ஒன்று சொன்னாள். அவன் சிரித்தான். கூடாரத்துக்குள் போனவள் பிறகு வாயே திறக்கவில்லை என்று பக்கத்து வரிசைப் பெண்கள் சொன்னார்கள்.

பேனாவை எடுத்தான். மாரடைப்பை அடித்து வெயில் என்று எழுதினான். தட்டச்சு வரியையும் அடித்தான். கையெழுத்துப் போட்டு, அதற்கு மேலே அவள் சொன்னதை அப்படியே எழுதினான்:

“உங்க தெர்மாமீட்டரைத் தூக்கிட்டு ஒரு தடவை உள்ள வாங்க. அதுவும் மயங்கி விழும்.”