அம்மா கையில் இருந்த மணி

அம்மாவின் கட்டைவிரல் மணியின் பொத்தான் மேலேயே இருந்தது. மதியம் பார்க்க வந்த மகள், வீடு வீடாகப் போகிற நர்ஸ். நாடி பிடிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உடம்பில் சூடு இன்னும் இருந்தது. அந்த விரலை விலக்கிவிட்டு அவளே பொத்தானை அழுத்தினாள். சமையலறையில் மணி அடிக்கவில்லை. பொத்தானில் எரிய வேண்டிய சிவப்புப் புள்ளியும் எரியவில்லை. அண்ணன் அங்கே, அம்மா சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவனும் அம்மாவும் மட்டும்தான் அந்த வீட்டில். இடுப்பு உடைந்து அம்மா படுக்கையில் விழுந்ததும் அவள் கைக்குப் பொத்தானும் சமையலறைச் சுவரில் பெட்டியுமாக இந்த மணியை வாங்கி மாட்டியது அவன்தான். தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற பேட்டரியை வாசற்படி ஏறவிடமாட்டான். கடிகாரம், ரிமோட், டார்ச், எல்லாவற்றிலும் சார்ஜ் ஏற்றுகிற பேட்டரிதான். குப்பையில் போடவா சம்பாதிக்கிறோம் என்பான். எல்லாம் பழசு, சும்மா கிடந்தாலே வடிந்துபோகும். உன் டார்ச்சைத் தேட இன்னொரு டார்ச் வேண்டுமடா என்று அம்மா கேலி செய்வாள். மணியை மட்டும் அவன் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவிடம் வம்பளந்துகொண்டே பேட்டரியை மாற்றுவான். அவள்தான் அழுத்தவே மாட்டாள். பிள்ளை நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று தாகத்தைக்கூட அடக்கிக்கொள்வாள். போன ஞாயிறு எங்கோ லிஃப்ட் பாதியில் நின்று ஆட்கள் மாட்டிக்கொள்ள, பேட்டரியை மாற்றாமலே அவன் ஓடவேண்டியதாயிற்று.

தெரிந்தால் இவன் தாங்கமாட்டான். அவள் தன் பையிலிருந்த ரத்த அழுத்தக் கருவியைத் திறந்து, அதிலிருந்த சாதாரண பேட்டரிகளை உருவி மணியின் பொத்தானில் போட்டாள். செத்த பேட்டரிகளைப் பையின் அடியில் திணித்தாள். கை நடுங்கவே இல்லை. அதை நினைத்தால் அவளுக்கே பிறகு அருவருப்பாக இருந்தது. அதன்பிறகுதான் அண்ணனைக் கூப்பிட்டாள்.

அழுது ஓய்ந்ததும் அவன் முதலில் தேடியது மணியைத்தான். அழுத்தினான். சமையலறையில் கணீரென்று அடித்தது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், மணி நன்றாகத்தான் இருக்கிறது, அம்மா கூப்பிடவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அவனே சொன்னான். சொல்லச் சொல்ல அவன் தேறிவிடுவான் என்று நினைத்தாள். நாளாக ஆக அவன் குரல்தான் உள்ளே போனது.

எல்லோரும் போன பிறகு ஒரு சாயங்காலம், காலிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டான்.

“மணி கையிலதான் இருந்துச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன். என்னைக் கூப்பிடணும்னு அம்மாவுக்குத் தோணவே இல்லையா?”

அவள் வாயைத் திறந்தாள். கூப்பிட்டாள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதற்கு அடுத்த சொல்லை எப்படிச் சொல்வது?

“நான் அவ்வளவு எரிஞ்சு விழுந்தேனா அவங்ககிட்ட?”

“இல்லண்ணா” என்றாள்.

தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போனாள். தம்ளரை எடுத்தபோது தலைக்கு மேலே மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. உள்ளே அவன் அழுத்திக்கொண்டே இருந்தான். சுவரிலிருந்த சின்னப் பெட்டியில் ஒவ்வொரு அடிக்கும் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்து அணைந்தது.