இடது பக்கத்து இருக்கை

கமே அத்தையின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ருமிக்கோ அவளுடைய துணி இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளைத் தூக்கியபோது ஒரு போட்டோ கிடைத்தது. ஒரு வெள்ளைக் கார். அதன் ஜன்னலில் முழங்கையை வைத்தபடி அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கத்து இருக்கையில் தொப்பி போட்ட ஒரு ஆள்.

ருமிக்கோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவன்தானா அவன்?

அவளுக்கு மூன்று வயதில் அப்பா செத்துப்போனார். ஐந்து வயதில் அம்மா வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அப்பாவின் அக்கா கமே அத்தைதான் எடுத்து வளர்த்தாள். அம்மா எங்கே என்று எத்தனை தடவை கேட்டாலும் அத்தையிடம் ஒரே பதில்தான்: “ஒருத்தன் கார் கொண்டாந்தான். உங்கம்மா ஏறிப் போயிட்டா.” கூட ஒரு சொல் கிடையாது, குறைய ஒரு சொல் கிடையாது. அந்த அத்தையின் வாயைக் கிண்டி ஜெயித்தவர் ஒகினாவாத் தீவின் கோசா ஊரிலேயே யாரும் இல்லை.

ஆக, ருமிக்கோ அந்த ஒருத்தனை வெறுத்து வளர்ந்தாள். சாதாரண வெறுப்பா அது! அம்மா கடிதம் போடாததற்கு அவன் காரணம். பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு வராததற்கு அவன் காரணம். கல்யாணத்துக்கு வராததற்கும் அவனேதான். அவன் விட்டால்தானே அவள் வருவாள்? ஐம்பத்து மூன்று வயதாகி, சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தி, மகளையும் கட்டிக்கொடுத்த பிறகும் அந்த நினைப்பு மட்டும் மாறவில்லை.

இப்போது அவனுடைய கார் கையில் கிடைத்திருக்கிறது. என்ன கார் என்று தெரிந்தால், அந்தக் காலத்தில் யார் வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கலாம். அவனைப் பிடித்தால் அம்மாவைப் பிடித்துவிடலாம். அம்மாவுக்கு இப்போது எழுபத்தேழு. ஒகினாவாப் பெண்களுக்கு அதெல்லாம் ஒரு வயதா? உயிரோடு இருப்பாள். இருக்கத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் செய்ஜுனின் பட்டறைக்குப் போனாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளோடு படித்தவன். அப்பா விட்டுப்போன பட்டறையில் பழைய கார்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவற்றை விற்கவும் மனசில்லாமல் பெண்டாட்டியிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன்.

“வா வா! சாப்பாட்டுக் கடைக்காரி கையை வீசிட்டா வருவா? என்ன கொண்டாந்தே?”

“உன் மூக்கு நல்லா வேலை செய்யுது. கண்ணு செய்யுதான்னு பாப்போம்.” பொரித்த மாவு உருண்டைப் பையை நீட்டினாள். “முதல்ல தின்னு. அப்புறம் கையைத் துடை. எண்ணெய்க் கையோட இந்தப் படத்தைத் தொட்டே, கொன்னுடுவேன்.”

செய்ஜுன் இரண்டு உருண்டைகளை உள்ளே தள்ளி, கையைக் கால்சட்டையில் துடைத்து, ருமிக்கோ முறைத்ததும் எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கழுவி வந்தான். படத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தான்.

“கொரோனா.”

ருமிக்கோ சட்டென்று மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துக்கொண்டாள்.

“அட லூசு, காரோட பேரு! நோய் வர்றதுக்கு அறுபது வருஷம் முன்னாடியே வெச்ச பேரு. வண்டி மூக்கைப் பாரு, நேரா இறங்காம சரிஞ்சு இறங்குது. இதே உருப்படி பின்னாடி ஒண்ணு செங்கல் மேல நிக்குது. எஞ்சின்தான் இல்ல.”

“அதை விடு. இது யாரோடது? எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போனவன் இவன்தான்டா. ஓட்டுறான் பாரு.”

“யாரு ஓட்டுறா?”

“வலது பக்கம் இருக்கிறவன்தான். வேற யாரு? உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?”

ஸ்டீரிங் இருக்க வேண்டிய இடம் படத்தில் தெரியவில்லை. முன்கண்ணாடிக்குப் பின்னால் அந்த இடத்தை மட்டும் ஈரம் தின்று வெள்ளை வெளேரென்று ஆக்கியிருந்தது. செய்ஜுன் படத்தைத் திருப்பினான். பின்னால் பென்சிலில் ஜப்பானியக் கணக்கில் தேதி: ஷோவா நாற்பத்தொன்பது, அதாவது 1974, செப்டம்பர். அம்மா போனது அந்த வருஷம் டிசம்பரில்.

“ஏய் ருமி, நாம நாலாவது படிக்கிறப்போ ஸ்கூல் மைதானத்துல சுண்ணாம்புக் கோடு போட்டு, எந்தப் பக்கம் கார் வரும், எந்தப் பக்கம் பாத்து ரோட்டைக் கடக்கணும்னு ஒரு வாரம் நடக்க வெச்சு உயிரை எடுத்தாங்களே, மறந்துட்டியா?”

மறக்குமா? போருக்குப் பிறகு தீவை ஆண்ட அமெரிக்காக்காரன் போட்ட வழக்கப்படி தீவு முழுக்க வலது பக்கம் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை, ஒரு ஜூலை முப்பதாம் தேதி விடிகாலையில் மொத்தமாக இடது பக்கத்துக்கு மாற்றினார்கள். அவளே வேடிக்கை பார்க்கப் போய் நின்றிருக்கிறாள். ஆனால் அதற்குப் பிறகு நாற்பத்து நான்கு வருஷம் ஓடிவிட்டது. வலது பக்கம் உட்கார்ந்திருப்பவன்தான் ஓட்டுகிறவன் என்று கண்ணுக்குப் பழகிப்போய்விட்டது.

“அதுக்கு நாலு வருஷம் முன்னாடி எடுத்த படம் இது,” என்றான் செய்ஜுன். “அப்போ நம்ம ஊர் வண்டியில ஸ்டீரிங் எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“இடது பக்கம்.”

“இடது பக்கம் யாரு இருக்கா?”

ஜன்னலில் முழங்கையை வைத்துச் சிரிக்கும் அம்மாவின் முகத்தையே ருமிக்கோ பார்த்தாள்.

“இன்னும் கேளு. இந்தப் பக்கத்து மட்கார்டு மேல கண்ணாடி ஒண்ணு போதாதா, ஏன் ரெண்டு? ஒண்ணு ஓட்டறவளுக்கு, ஒண்ணு வாத்தியாருக்கு. மேல பாரு, கூரையில ரெண்டு இரும்புக் கால் தெரியுதா? டிரைவிங் ஸ்கூல் பலகை நிக்கிற கால் அது. இந்த ஆளு மூஞ்சியப் பாரேன். பொண்ணைக் கூட்டிட்டு ஓடறவன் மூஞ்சியா இது? உயிரைக் கையில பிடிச்சுட்டு உக்காந்திருக்கான்!”

உண்மைதான். தொப்பிக்காரன் ஒரு கையால் முன்பலகையை இறுக்கிப் பிடித்திருந்தான். அவன் கண்கள் பிதுங்கியிருந்தன. ருமிக்கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று செய்ஜுனுக்குத் தெரியவில்லை.

“அப்போ யாரும் கூட்டிட்டுப் போகலையா?” என்றாள். “அவளாவே ஓட்டக் கத்துக்கிட்டு, அவளாவே போனாளா?”

“வேலை தேடிப் போயிருப்பா. புருஷன் இல்லாதவ. லைசென்ஸ் இருந்தா அந்தக் காலத்துல வெளியூர்ல...”

“போகட்டும்டா. போனவளுக்குத் திரும்பி ஓட்டிட்டு வரத் தெரியாதா? அவன் விடலை, அவன் விடலைன்னு நெனச்சுட்டே இருந்தேன். அப்படி ஒருத்தன் இல்லவே இல்லையாம்! இந்தப் படத்தை ஒளிச்சு வெச்ச அத்தைக்குத் தெரியும். அந்தக் கிழவி தெரிஞ்சே பொய் சொல்லியிருக்கா.”

“அஞ்சு வயசுப் புள்ளைகிட்ட வேற என்னத்தைச் சொல்லுவா? திட்டித் தீக்கறதுக்கு உனக்கு ஒரு ஆளைக் குடுத்திருக்கா. இல்லேன்னா நீ யாரைத் திட்டியிருப்பே? உங்கம்மாவை. அதுவும் இல்லேன்னா உன்னையே.”

ருமிக்கோ மூக்கை உறிஞ்சினாள். இனிமேல் அம்மாவை வெறுக்க வேண்டும், முறைப்படி பார்த்தால் அதுதான் நியாயம். மனசு கேட்டால்தானே? தொப்பிக்காரன் குறுக்கிலிருந்து விலகிப் போனதும் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு இரண்டு மடங்காகிவிட்டது. அது அவளுக்கே அவமானமாக இருந்தது.

செய்ஜுன் மறுபடி பூதக்கண்ணாடியை எடுத்தான். அம்மாவின் முகத்தின் மேல் வைத்துப் பார்த்தான். பிறகு, “கொஞ்சம் பின்னாடி வா,” என்றான்.

கொட்டகைக்குள் அந்த எஞ்சின் இல்லாத கொரோனா செங்கல்கள் மேல் நின்றது. மேலே கிடந்த தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, அவன் இடது கதவைத் திறந்து ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தான். கதவைச் சாத்தி, ஜன்னலில் முழங்கையை வைத்தான்.

“நீ போட்டோ எடுக்கறவ மாதிரி அங்க நில்லு. இன்னும் கொஞ்சம் தள்ளி. ஆங், அங்கதான். உங்கத்தைதான் அங்க நின்னு எடுத்திருக்கணும். இப்போ நான் உன்னைப் பாக்கறேனா? என் தாடை எப்படி இருக்கு, பாத்துக்கோ. உங்கம்மா தாடை இப்படி இல்ல. கீழ இறங்கியிருக்கு. அவ கேமராவைப் பாக்கல.”

“பின்ன எங்கே பாக்கிறா?”

செய்ஜுன் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தான். அவன் பார்வை ருமிக்கோவின் முகத்திலிருந்து கழுத்துக்கு இறங்கி, நெஞ்சுக்கு இறங்கி, இடுப்புக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தில் வந்து நின்றது. கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையைத் தரைப்பக்கம் திருப்பி, அந்த உயரத்தில் பிடித்தான்.

“இவ்வளவு உயரம்,” என்றான்.

இரண்டு பேரும் அந்த உயரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வயதில் தான் எவ்வளவு உயரம் இருந்தோம் என்று ருமிக்கோவுக்கு ஞாபகம் இல்லை. அந்த நாளும் ஞாபகம் இல்லை. அங்கே நின்றிருக்கிறாள், படம் எடுத்த அத்தையின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், அம்மா கார் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறாள். ஒன்றுகூட மிச்சமில்லாமல் மறந்து தொலைத்திருக்கிறாள்.

“படத்தை ஜன்னல்ல பிடி,” என்றாள்.

அவன் பிடித்தான். பாவாடை அழுக்காகுமே என்று அந்தப் பட்டறையில் ஒரு நாற்காலியில்கூட உட்காராதவள், எண்ணெய் ஊறிய சரளைக் கற்கள் மேல் முட்டி போட்டாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தாள். இப்போது அம்மா நேராக அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

“ருமி, எழுந்திரு. கல்லு குத்தும், முட்டி போயிடும்,” என்றான் செய்ஜுன். அவளை எழுப்ப இன்னொரு கையை நீட்டியதில் படம் ஆடியது.

“ஆட்டாதேடா,” என்றாள் அவள். “கொஞ்ச நேரம் அப்படியே பிடி.”